கடைசி இடத்தில் எங்கள் ஊர்

வாழத் தகுதியில்லாத சின்ன ஊர்கள் எவை என்று வரிசைப்படுத்திச் சொல்வது சில காலம் என் வேலையாக இருந்தது. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்பார்கள். தந்தார்கள். வீடு, மனை வாங்குகிறவர்களுக்காக இணையதளம் நடத்தும் சென்னை நிறுவனம் ஒன்றில் நான் தரவுப் பிரிவில் இருந்தேன். முதலில் வாழச் சிறந்த ஊர்கள் என்று ஒரு பட்டியல் போட்டோம். யாரும் சீந்தவில்லை. எங்கள் மேலாளர் ஒரு நாள் கூட்டத்தில், “நல்ல ஊரைப் பத்தி எவன் படிப்பான்? மோசமான ஊர் எதுன்னு போடுங்க. அவனவன் தன் ஊர் இருக்கான்னு விழுந்தடிச்சுப் பார்ப்பான்” என்றார். அவர் சொன்னது சரிதான். கணக்குப் போட்டு முடித்ததும் நானே முதலில் என் ஊரைத்தான் தேடினேன்.

ஊர்களை வரிசைப்படுத்த அளவுகோல்கள் வேண்டும். குடிநீர், பள்ளிக்கூடம், பஸ், வேலை, வெயில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர். இவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை யாராவது ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த ஒருவர் நான். ஆஸ்பத்திரி தூரத்துக்குத்தான் அதிகம் கொடுத்தேன். ஏன் என்று மேலாளர் கேட்டபோது வாயில் வந்த பெரிய வார்த்தைகளையெல்லாம் போட்டு விளக்கினேன். உண்மையான காரணம் அம்மா. நெஞ்சுவலி என்று காரைக்குடிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து மதுரைக்குப் போகச் சொன்னார்கள். திருப்பத்தூர் தாண்டியதும் அம்மா போய்விட்டாள். ஆம்புலன்ஸில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, மீதித் தூரம் முழுவதும் ஒவ்வொரு மைல்கல்லும் கண்ணில் பட்டது.

இன்னொரு அளவுகோலையும் நானேதான் யோசித்துச் சேர்த்தேன். ஓர் ஊரில் பதிவாகும் பிறப்புகளைவிட இறப்புகள் அதிகமாக இருந்தால் அந்த ஊருக்கு மதிப்பெண் குறையும். பிள்ளையே பிறக்காமல் சாவு மட்டும் விழுகிற ஊரில் எவர் போய்க் குடியிருப்பார்? மேலாளருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் அலுவலகத்தில் மிதந்துகொண்டு திரிந்தேன்.

பட்டியலில் எங்கள் ஊர் கடைசியில் வந்தது, அதாவது எல்லாவற்றிலும் மோசமான ஊர். ஊரின் பெயர் வேண்டாம், ஏற்கெனவே அதற்குப் போதுமான கெட்ட பெயர் நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன். காரைக்குடியில் ஏறினால் சாக்கோட்டைப் பக்கமாகப் போகும் டவுன் பஸ், மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக நிற்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரூராட்சி. உப்புத் தண்ணீர். இரண்டு தெரு முழுக்கப் பூட்டிய பெரிய வீடுகள். அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வெளியூர்க்காரர்கள் காரில் வருவார்கள், ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போகிற கூட்டத்தில் ஒரு வேன்கூட எங்கள் பக்கம் தப்பித் தவறி வந்ததில்லை.

சொந்த ஊர் கடைசியில் வந்தால் வருத்தம் வரவேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த ஊரில் என் அப்பா தனியாக இருந்தார். அம்மா போனதிலிருந்து, சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று நானும் கெஞ்சாத நாளில்லை. நான் ஒரே மகள். அவர் மசியவில்லை. இப்போது என் கையில் ஆதாரம் இருந்தது. அதுவும் நானே தயாரித்த ஆதாரம்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா குளியலறையில் தலைசுற்றி விழுந்தார் என்று சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. சித்தப்பா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பங்காளி. அப்பாவைவிட மூன்று வயது இளையவர், அடுத்த வீடு. நான் ரயிலேறிப் போனேன். அப்பாவுக்குப் பெரிய அடி இல்லை. நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, என்னைக் கண்டதும் சித்தப்பாவை முறைத்தார்.

“இதுக்கு ஏண்டா பிள்ளையப் போயி வரச் சொன்னே?”

“நீங்க விழுந்து கெடந்தீகண்ணே. நான் என்ன சினிமாவுக்கா கூப்பிட்டேன்?” என்றார் சித்தப்பா.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலமும் உண்டு, பேருக்கு. அவர் முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தன் ஊர் கடைசியில் இருப்பதைப் பார்த்ததும் சண்டைக்கு வருவார் என்று நினைத்துப் பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சிரித்தார்.

“சரியாத்தான் போட்டிருக்கே. இது ஒரு ஊரா? நான் டிக்கெட் கிழிச்ச காலத்துலயே இங்க ஏறுறவுகதான் உண்டு, எறங்குறவுக கிடையாது.”

எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஊரைப் பற்றி அவருக்கு ஒரு கனவும் இருக்கவில்லை. தண்ணீரைத் திட்டினார். பஸ்ஸைத் திட்டினார். கண்மாயை வளைத்துப் போட்டவர்களைப் பேர் சொல்லித் திட்டினார். “அப்புறம் ஏம்ப்பா இங்கயே கெடக்கணும்?” என்று கேட்டேன்.

“ஆத்தா, நான் இந்த ஊருல எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன் தெரியுமா? டூட்டிக்கு லீவு போட்டுட்டு வந்து தூக்கியிருக்கேன். மழையில தூக்கியிருக்கேன். எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாதவனையும் தூக்கியிருக்கேன். என்னைத் தூக்க நாலு பேர் வேணாமா? அது இங்கதான் இருக்கு. மெட்ராஸ்ல இருக்கா?”

அதாவது பாடையை. எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் பங்காளிகளும் தெருக்காரர்களும் தோள் கொடுத்து மயானம் வரை தூக்கிப் போக வேண்டும். தூக்கியவருக்குத் தூக்க ஆள் வரும். அப்பாவுக்கு ஊர் என்பது அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, ஆனால் அதை விட்டுக்கொடுக்கவும் அவர் தயாராக இல்லை. இன்னொன்றும் சொன்னார். கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் உயிர் போகக் கூடாது, ஊர் சிரிக்கும். நான் கோபப்பட்டேன். மகள் வீட்டில் சாப்பிட்டால் ஜீரணமாகாதா, மகள் வீட்டில் படுத்தால் தூக்கம் வராதா என்று கத்தினேன். அவர் மறுபடியும் பட்டியலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

“இந்தச் சாவுக் கணக்கு மட்டும் தப்பு ஆத்தா” என்றார்.

“அது அரசாங்கப் பதிவேடுப்பா. தப்பாகாது.”

“சாவு நெசம்தான். ஆனா யாரு செத்தாக? பெரிய வீட்டு ஆச்சி இருக்காகள்ல, அவுக காலம் பூரா இருந்தது மலேசியாவுலயும் மெட்ராஸுலயும். முடியலைன்னதும் கார்ல கொண்டாந்து, பூட்டுன வீட்டத் தொறந்து, படுக்க வச்சாக. பதினோரு நாள்ல போயிட்டாக. மேலத் தெரு வாத்தியார் இருந்தது திருச்சியில. கடைசியிலதான் வந்தாரு. ஊர்ல வந்து சாகணும்னு வாரவுக அவுகள்லாம். நீ என்னடான்னா, ஊருதான் அவுகளைக் கொன்னுச்சுங்குற மாதிரி எழுதி வச்சிருக்கே.”

அவர் நிறுத்தவில்லை.

“பொறப்பு இல்லைங்குறே. நீ எங்க பொறந்தே? காரைக்குடியில. உன்னைப் பதிஞ்சது அங்குட்டு. இங்க பிரசவம் பார்க்க யாரு இருக்கா?”

மறுநாள் காலையில் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அப்பா சொன்னதைப் பொய்யாக்கத்தான் போனேன். பிறப்பு இறப்புப் பதிவைப் பார்க்கும் அம்மாள் பாதி சாப்பாட்டில் இருந்தார். இருந்தும் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து பேசினார்.

“எங்க உசுரு போச்சோ அங்கதானம்மா பதிவு. எங்க குடியிருந்தாகன்னு ஒரு கட்டம் இருக்கத்தான் செய்யுது. ஆனா எல்லாரும் இந்த ஊரு விலாசத்தையே குடுத்துருவாக. ஐம்பது வருசம் வெளிய இருந்தவுககூட, சொந்த ஊர் இதுதானேம்பாக. நான் என்ன, இல்லைன்னு சண்டை போடவா முடியும்?”

நான் திரும்பி வந்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த ஓர் அளவுகோலை மட்டும் எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். எங்கள் ஊர் கடைசியிலிருந்து நகர்ந்து மேலே போனது. ரொம்ப மேலே இல்லை. மோசமான பல ஊர்களுக்கு நடுவே ஒரு மோசமான ஊர், அவ்வளவுதான். நம் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, வாழ எங்கே போனாலும் சாக ஊருக்கு வருவது. அந்த வழக்கத்தை நான் ஊருக்கு வந்த நோய் மாதிரி எண்ணி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நானே செய்தேன். வேறு மாநிலத்துக்காரர் ஒருவர் செய்திருந்தால், விவரம் தெரியாத ஆள் என்று நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

கணக்குத் தாளை மூடப் போனேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. சமையல்கட்டில் அப்பா எனக்காக டீ போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். நடுவில் இருக்கும் ஊரிலிருந்து அவரைக் கிளப்ப முடியாது. கடைசி இடத்திலிருந்து கிளப்பலாம். வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

“பதிவேட்டைப் பார்த்துட்டேம்ப்பா. கணக்கு சரிதான்” என்று அவரிடம் சொன்னேன். “கடைசி இடம்தான். இங்க இருந்தா அம்மா மாதிரி ரோட்டுலதான் போவீங்க. நான் சொல்லலை, கணக்கு சொல்லுது.”

அம்மாவை இழுத்தது அவரை அடித்தது. டீ டம்ளரை என் முன்னால் வைத்தார். பிறகு, “முடியாமப் போறப்பக் கொண்டாந்து விட்டுருவியா?” என்று கேட்டார்.

“விட்டுருவேன்.”

“உசுரு இருக்கையிலே கொண்டாரணும். போன பொறகு கொண்டாந்து பிரயோசனமில்லே.”

“சத்தியமாப்பா” என்றேன். அவர் சாவியை சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பா அதை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, “எப்பண்ணே வருவீக?” என்று கேட்டார். பொங்கலுக்கு என்றார் அப்பா.

சென்னையில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகை தெரியும். அதைத்தான் அப்பாவுக்கு முதல் நாள் பெருமையாகக் காட்டினேன். “பரவாயில்லையே, கையெட்டுற தூரம்” என்றார். என் கணவர் அவரை அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார். குறை ஒன்றும் இல்லை. அப்பா காலையில் செய்தித்தாள் படிப்பார், பகலில் பால்கனியில் நின்று போகிற பஸ்களில் கூட்டம் எப்படி என்று பார்ப்பார், ஒருவரிடமும் எதுவும் கேட்கமாட்டார். விருந்தாளியாகவே இருந்தார். தண்ணீர் குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைத்துவிடுவார்.

அவர் வந்த இரண்டாவது மாதம் பட்டியல் வெளியானது. மேலாளர் சொன்னபடியே ஆளாளுக்கு விழுந்தடித்துப் பார்த்தார்கள். எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் தீப்பற்றிக்கொண்டது. இதைப் போட்டவனை ஊருக்குக் கூட்டி வந்து உப்புத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும் என்று ஒருவர் எழுதினார். கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். சித்தப்பா அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“பாத்தீகளாண்ணே? நம்ம ஊரு கடைசியாம். எந்தப் பய போட்டான்னு தெரியலை.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“எவனோ வேலையத்தவன் போட்டிருப்பான், விடுறா” என்றார்.

அன்று சாப்பிடும்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொங்கல் வந்தது. குளிர் ஒத்துக்கொள்ளாது என்று நான் தடுத்துவிட்டேன். பங்குனி வந்தது. அப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாகிவிட்டது, தண்ணீர் சேருகிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையெட்டும் தூரம்தான், நடந்தே போய்விட்டோம். நான்காம் நாள் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மருந்தால் ஆவது ஒன்றும் பெரிதாக இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போக விரும்பினால் இப்போதே கூட்டிப்போங்கள் என்று நேராகச் சொன்னார். அந்த மனிதர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

வார்டுக்குத் திரும்பினேன். அப்பாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“வண்டி சொல்லிட்டியா ஆத்தா?”

“சொல்றேம்ப்பா.”

சொல்லவில்லை. காரைக்குடிக்கு எட்டு மணி நேரம். எனக்கு எட்டு மணி நேரமும் மைல்கற்களாகக் கண்ணில் ஓடியது. திண்டிவனத்தில் மூச்சு நின்றால்? திருச்சி தாண்டி நின்றால்? ஊருக்கே போய்ச் சேர்ந்தாலும், அங்கே மூச்சு திணறினால் பக்கத்தில் யார்? இன்னும் ஒரு மருந்து மாற்றிப் பார்த்தால் என்ன? இங்கே எல்லாம் இருக்கிறதே, கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே. நாளைக்குப் போகலாம் என்றேன். அடுத்த நாளும் கேட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்றேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. நான் கொண்டுபோன இட்லியில் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, “நீ பயப்படுறே” என்று மட்டும் சொன்னார்.

ஆமாம். பயந்தேன். சத்தியம் செய்தது நினைவிருந்தது. அதைவிட அந்த ஆம்புலன்ஸ் நினைவிருந்தது. அப்பாவை அவர் ஊருக்குக் கொண்டுபோவதற்கும், அப்பா சாகத்தான் போகிறார் என்று ஒத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் தெரியாமல் நான் அந்த மூன்று நாளைத் தின்று தீர்த்துவிட்டேன். அது அவருடைய மூன்று நாள்.

அதற்கு மறுநாள் காலையில் மூச்சு முட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிக் குழாய் போட்டார்கள். பேச முடியாது. என்னைப் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தார். கையை எடுத்துக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். மறுபடியும் இரண்டு தட்டு. செவிலியர் வந்து கையைப் பிடித்துக் கீழே வைத்தார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. முப்பது வருடம் பஸ்ஸின் பின்படியில் நின்று தகரத்தில் அவர் தட்டிய தட்டு அது. எல்லோரும் ஏறியாச்சு, வண்டியை எடு என்று டிரைவருக்குச் சொல்வது. நான் எழுந்து ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வண்டி பேசி முடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு மேலே போனபோது மதியம் ஒன்றரை மணி. அதற்குக் கால்மணி முன்னால் அவர் போய்விட்டார்.

அதே வண்டியில்தான் கொண்டுபோனோம். ஓட்டுநர், நிதானமாகப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன்.

ஊரில் சித்தப்பா தெருவில் பந்தல் போட்டுவைத்திருந்தார். வண்டியிலிருந்து இறக்கியதும் நான் வீட்டு வாசற்படியை நோக்கி நடந்தேன். கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. சித்தப்பா என் கையைப் பிடித்தார்.

“உள்ள கொண்டுபோறதில்லை தாயி.”

“ஏன்? இது அவர் வீடு.”

“வெளியூர்ல போன உசுரு. உடம்பை வீட்டுக்குள்ள கொண்டுபோற வழக்கமில்லை. இங்குட்டு, பந்தல்லயே வைப்போம்.”

எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். போன பிறகு கொண்டுவந்து பிரயோசனமில்லை என்று அவர் சொன்னதன் பொருளும் இதுதான். அது தெரிந்தேதான் அன்று சத்தியம் செய்தேன். வாசல்படிக்கும் பந்தலில் அவரைக் கிடத்திய பெஞ்சுக்கும் நடுவே ஆறடி இருக்கும். அப்பா அவர் கட்டிய வீட்டைப் பார்த்தபடி தெருவில் கிடந்தார். அவ்வளவு தூரம் கொண்டுவந்து அந்த ஆறடியைக் கடத்த என்னால் முடியவில்லை.

ஆட்கள் வந்தார்கள். வராமல் இல்லை. அப்பா தோள் கொடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அப்பாவின் வயதுக்காரர்கள். ஒருவர் கம்பு ஊன்றி வந்தார். ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளெல்லாம் திருப்பூரில், கோயம்புத்தூரில், துபாயில். தூக்கும் நேரம் வந்தபோது அந்தப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பு ஊன்றியவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து தோளைக் கொடுத்தார். நாலு பேர் சேர்ந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார்கள். அதற்கு மேல் வரவில்லை. பாடை ஒரு பக்கம் சரிந்தது. நான் கத்திவிட்டேன். கொள்ளி வைப்பதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் ஓடிவந்து பிடித்தான். அப்புறம் காரைக்குடிக்குப் போன் செய்து வேன் வரவழைத்தார்கள். கண்ணாடி வைத்த வேன். பொத்தானை அழுத்தினால் பலகை தானாக உள்ளே போனது. கம்பு ஊன்றியவர் அதைப் பார்த்துக்கொண்டே தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. நான் தெருமுனையோடு நின்றுவிட்டேன்.

கருமாதி முடிந்து நான் கிளம்ப வேண்டிய நாள். சித்தப்பா வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். வைத்திருங்கள் என்றேன். “இல்லை தாயி, நானும் இங்க இருக்க மாட்டேன் போலருக்கு” என்றார்.

மகன் கூப்பிடுகிறானாம். கோயம்புத்தூருக்கே வந்துவிடுங்கள் என்கிறானாம். ஊர்க் குழுவில் வந்த அந்தப் பட்டியலையே காட்டினானாம். சித்தப்பா தன் போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடி, என்னிடம் நீட்டினார். என் பட்டியல். கடைசி வரியில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தான் மகன்.

“நீ படிச்ச பிள்ளை. இது நெசமா?”

“நான்தான் போட்டேன் சித்தப்பா” என்றேன். “அது தப்பு. தெரிஞ்சேதான் போட்டேன். நம்ம ஊர் கடைசி கிடையாது. அப்பாவைக் கூட்டிட்டுப் போறதுக்காக அப்படியே விட்டுட்டேன். நீங்க போகாதீங்க.”

அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் போனை வாங்கி அந்தச் சிவப்பு வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“அப்பத் தப்பா இருந்திருக்கலாம் தாயி. இப்பத் தப்பில்லை. அன்னைக்கு நீயும்தானே பாத்தே? அண்ணனைத் தூக்கவே ஆளில்லை. அண்ணன் இருந்திருந்தா எனக்கு ஒரு தோளு அவுக. அவுகளும் போயிட்டாக. இனி இங்க எதுக்கு இருக்க?”

ஞாயிற்றுக்கிழமை மகன் கார் எடுத்துக்கொண்டு வருகிறான் என்றார். கோழிகளை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தார். எழுந்து இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி வந்து, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

“கோயம்புத்தூர்ல தூக்க ஆள் இருப்பாகளா தாயி?”

“இருப்பாக சித்தப்பா” என்றேன்.